நாலு பாட்டில் மிஷின்

1987, புரட்டாசி முதல் சனிக்கிழமை, இரவு.

இடஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். சேலத்திலிருந்து சோடாவுக்கு காஸ் வரவில்லை. கையால் சுற்றினால் ஒரே நேரத்தில் நாலு சோடா அடைக்கும் நாலு பாட்டில் மிஷின் வாங்கிய என் சகலை அதற்குள் காஸைத் தீர்த்துவிட்டு வந்து நின்றார். என்னுடையது ரெண்டு பாட்டில் மிஷின். ஒரு சிலிண்டர் மிச்சம் இருந்தது.

"அண்ணே, நீங்கதான் அளவு தெரிஞ்சி வாங்கியிருக்கீங்க. நான்தான் பேராசப்பட்டுட்டேன்" என்றார்.

அவர் வாயிலிருந்து இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். உச்சி குளிர்ந்துபோய் சிலிண்டரைத் தூக்கிக் கொடுத்தேன்.

தங்கையைப் பார்க்க என் மனைவியும் கூடவே போனாள். அவர் கடை தியாகதுருகம் ரோட்டில் இருக்கிறது. மேலே போக முடியாமல் நின்ற பஸ் ஜனமெல்லாம் அங்கேதானாம். பொழுது சாய்ந்து திரும்பியவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"இன்னாமா சுத்துதுங்க அது! நானேதான் சுத்திக்கினு இருந்தேன். நாலு கோலியும் ஒண்ணா வந்து டப்புனு அடைக்குது."

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

வாங்கிய நாளிலிருந்து என் மிஷினின் கைப்பிடியை இவள் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.