புது கம்பைலரின் வேகம்

13 ஆகஸ்ட் 1968, செவ்வாய்

இன்று ஆபீஸ் கம்ப்யூட்டரில், புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் புது கம்பைலர் போட்டார்கள். காலையில் என் சம்பளப் புரோகிராமைத் துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்தேன். பழையது அரை மணி நேரம் ஓடினாலும் எல்லாத் தவறுகளையும் மொத்தமாக அச்சடித்துத் தரும். இந்தச் சனியன் முதல் தவறைக் கண்டதுமே நின்றுவிட்டது. அதுதான் அதன் வேகம்.

சூப்பர்வைசர் ஹமீது முகமெல்லாம் பல்லாக நின்றார். "பாத்தீங்களா, என்ன ஸ்பீடு லா."

"மிச்சத் தப்பெல்லாம் எங்க சார்?"

"இதத் திருத்தி நாளைக்குக் குடுங்க. அடுத்தது தன்னால வரும்."

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மெஷின் கிடைக்கும். அந்தச் சட்டம் போட்டவரும் இவர்தான். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் சம்பளப் பட்டியல் இந்தப் புரோகிராமில்தான் வந்தாக வேண்டும். அட்டைகளில் இன்னும் எத்தனை தவறோ. நாளைக்கு ஒன்று மட்டும் தெரியும், மிக வேகமாக.