பதினாறில் வைத்தும் குளிராத அறை

ரொசாரியோ, கவீத்தே
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகன் ரோமெல்,

தோஹாவில் நீ உடம்பு சுகத்தோடு இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையிலும் கேட்டுக்கொண்டேன். உன்மேல் கோபமாக இருக்கும்போதும் அதைக் கேட்காமல் எழுந்து வர முடியவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். அப்பா நன்றாக இருக்கிறார் என்று எழுத மாட்டேன், முதுகுப் புண் மறுபடியும் வாய் திறந்துவிட்டது. போனில் பேசினால் நீ இடையில் புகுந்து ஏதாவது சமாதானம் சொல்லிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படி.

நீ அனுப்பிய பணத்தில் ஏசி வந்த அன்று பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்ததும், தெருவே வந்து பான்சித் நூடுல்ஸ் சாப்பிட்டுப் போனதும் உனக்குத் தெரியும், போனில் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போது அறை நன்றாகவே குளிர்ந்தது. பக்கவாதத்தில் படுத்தவருக்கு வியர்வை படாமல் இருப்பதுதான் பாதி மருந்து என்று சுகாதார நிலையத்து நர்ஸ் சொன்னாள், புண்ணும் ஆறத் தொடங்கியது. தவக்காலத் தொடக்கத்தில் உன் நண்பன் நார்டிங் வந்து ஏசியைச் சுத்தம் செய்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ரிமோட்டில் பதினாறு வைத்தாலும் சுவரில் தொங்கும் வெப்பமானி முப்பதைவிட்டு இறங்கவில்லை. வெளியே கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் ஓடும், நின்றுவிடும், உள்ளே விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். நார்டிங்கை மறுபடி கூப்பிட்டேன், மெஷினில் ஒரு குறையும் இல்லை என்றான். வேறு மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றால், உன் மகளுக்கு ஞானத்தகப்பனாக நின்றவனை அவமானப்படுத்துவது போலாகும் என்று விட்டுவிட்டேன். உன்னிடம் சொன்னேன். வயதாகிவிட்டது, உனக்கு ரிமோட் பார்க்கத் தெரியவில்லை என்றாய். அடுத்த முறை சொன்னபோது, ஜெபமாலைக்கு வருகிறவர்கள் கதவைத் திறந்து திறந்து குளிரை வெளியே விடுகிறார்கள் என்றாய். அதை நான் நம்பினேன், ரோமெல். வியாழக்கிழமை தவறாமல் வந்து அப்பாவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஜெபித்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, இனி வர வேண்டாம் என்றேன். எதிர்வீட்டு செப்பா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “குளுகுளுன்னு வந்ததும் கடவுளுக்கும் கதவைச் சாத்திட்டியாடி பெர்லி” என்று கேட்டாள். அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். பேச முடியாத மனிதருக்கு வாரத்தில் வந்துகொண்டிருந்த நாலு முகங்கள் அவைதான்.

சென்ற வாரம் புண்ணில் வாடை வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏசியின் முன்மூடியைக் கழற்றினேன். அறைச் சூட்டை அளக்கும் சென்சாரை ஒயரோடு உருவி எடுத்து, தெருமுனை ரேடியோ கடையில் மின்தடை அளக்கும் மீட்டர் இரவல் வாங்கினேன். ஏற்றுமதி மண்டலத் தொழிற்சாலையில் இதே சென்சார்களைச் சோதித்துத்தான் உன்னைப் படிக்கவைத்தேன், என் கண் கெட்டதும் அங்கேதான். அதை நீ மறந்துபோயிருக்கிறாய், இல்லாவிட்டால் வேறு வழி தேடியிருப்பாய். குளிர்ந்தால் இதன் மின்தடை ஏற வேண்டும், சுட்டால் இறங்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் வைத்தேன், ஏறியது. வெந்நீரில் வைத்தேன், இறங்கியது. ஆக, சென்சார் சாகவில்லை. ஆனால் எதில் வைத்தாலும் இருக்க வேண்டியதைவிட ஒரே அளவு கூடுதலாகக் காட்டியது. கெட்டுப்போன சென்சார் கண்டபடி காட்டும். இவ்வளவு ஒழுங்காகப் பொய் சொல்ல மனிதனால்தான் முடியும். ஒயரில் சுற்றியிருந்த கருப்பு டேப்பைப் பிரித்தேன். உள்ளே மின்தடையைக் கூட்டிக் காட்ட நெல்மணி அளவில் ஒரு ரெசிஸ்டர், சுத்தமாகப் பற்றவைத்திருந்தது. அறை முப்பதில் வேகும்போதே பதினாறுக்கு வந்துவிட்டதாக மெஷினை நம்பவைத்தது அதுதான்.

நார்டிங்கை வரச்சொல்லி, காபியோடு அந்த ரெசிஸ்டரையும் தட்டில் வைத்தேன். அவன் காபியைத் தொடவில்லை. “ரோமெல்தான் வீடியோவுல காட்டிக் குடுத்தாம்மா. எந்த அளவு போடணும், எங்க டேப் சுத்தணும், எல்லாம் அவன் சொன்னதுதான். கரண்டு பில்லு கட்ட முடியலன்னு அழுதான், நான் எப்படி மாட்டேங்கிறது?” என்றான். மாதக்கணக்காக உன் கம்பெனி சம்பளம் கொடுக்கவில்லை என்பதையும் அவன் வாயால்தான் கேட்டேன்.

உன் முதலாளி சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கிறான். நீ ஏசி பார்க்கும் அவனுடைய ஹோட்டல் அறைகளில் ஒரு டிகிரி கூட்டிவைக்க உனக்குக் கை வந்ததா? அங்கே யாரோ தூங்குகிற அறை இருபத்திரண்டில் அசையாமல் நிற்கிறது, நிறுத்துவது நீ. உன்னை அனுப்பிய ஏஜென்சிக்காரன் கொழுத்துப்போய்த் திரிகிறான், அவனிடம் உன் வித்தை செல்லாது. வாய் பேசாத அப்பனிடம்தான் செல்லும் என்று கண்டுபிடித்திருக்கிறாய். கையில் காசில்லை அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பனையோலை விசிறியால் நானே வீசியிருப்பேன். அது ஏழ்மை, அதோடு எனக்குப் பழக்கம் உண்டு. ஞாயிறுதோறும் வீடியோவில், குளிருதாப்பா என்று கேட்டாயே. நீ வருத்தப்படக் கூடாதென்று அவர் நல்ல கையின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவர் சட்டை நனைந்திருந்ததைப் பார்த்துக்கொண்டேதானே கேட்டாய்.

ரெசிஸ்டரை எடுத்துவிட்டு ஒயரை நேராகப் பற்றவைத்துவிட்டேன். மத்தியானத்தில் மட்டும் ஓட்டுகிறேன், பில்லை இனி நான் பார்த்துக்கொள்கிறேன், நாலு வீட்டுத் துணி இஸ்திரிக்கு எடுத்திருக்கிறேன். செப்பா அக்காவின் மருமகன் புதன்கிழமை தோஹா திரும்புகிறான். இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுக்கத்தான் அந்த வீட்டுப் படியேறி மன்னிப்புக் கேட்டேன். ஜெபமாலைக்குப் பாதிப்பேர் திரும்ப வந்திருக்கிறார்கள்.

நீ வேளைக்குச் சாப்பிடு. வட்டிக்காரர்களிடம் போகாதே, தூதரகத்தில் போய்ச் சம்பளப் புகாரை எழுதிக் கொடு, தனியாகப் போகாமல் உன்னோடு இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போ. அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மெஷின் பழுதாகியிருந்தது, சரியாகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நீதான் சொல்ல வேண்டும். இதைப் படித்த பிறகு கூப்பிடு, போனை அவர் முகத்துக்கு நேரே பிடிக்கிறேன். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அவர் முகம் எப்படி மாறினாலும் நீ போனை வைத்துவிடக் கூடாது.

மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
பெர்லித்தா