பதினான்காம் எண் எலிக்கு முட்டை கொடுத்த பிழை என்னுடையது

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
தங்கள் விலங்குக்கூடப் பணியாளரின் சம்பந்தி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மருந்தியல் ஆய்வு நிலையம்.

பொருள்: விலங்குக்கூடப் பணியாளரின் பணியிடை நீக்க ஆணையை ரத்து செய்யவும், குறிப்புத் தாளை மொழிபெயர்த்த என் பெயரில் பிழையை எழுதிக்கொள்ளவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. தங்கள் நிலையத்தில் பதினெட்டு ஆண்டுகளாக எலிக் கூண்டுகளைக் கழுவி, மரத்தூள் மாற்றி வரும் அம்மையார் என் மகளின் மாமியார். நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் வசிக்கிறோம். அவர் வேண்டுமென்றே ஆய்வைக் கெடுத்தார் என்கிறது ஆணை. கெடுத்தவன் நான்.

2. கூண்டிலுள்ள நெம்புகோலை எலி அழுத்தினால் கிண்ணத்தில் மருந்து கலந்த நீர் ஒரு துளி விழும், எலி அதைக் குடிக்கும், மீண்டும் அழுத்தும். இப்படி ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டுவதை ஆய்வாளர்கள் வலுவூட்டல் என்கிறார்கள். வகுப்பில் நல்ல கேள்வி கேட்ட பிள்ளைக்கு நான் ஒரு வண்ணச் சுண்ணக்கட்டி தருவேன். மறுநாள் அந்தப் பிள்ளை மூன்று கேள்வி கேட்கும். அதுவும் இதுவும் ஒன்றே. வலுப்பெறுவது பழக்கம், உடம்பு அல்ல.

3. இந்த விளக்கத்தை நான் எழுதித் தந்த தாளில் சேர்க்கவில்லை. பணியாளர்களுக்கான குறிப்புகளைத் தமிழில் எழுதித் தரும்படி தங்கள் ஆய்வாளர் கேட்டபோது, ‘வலுவூட்டல்’ என்ற சொல் அழகாக அமைந்துவிட்ட பெருமையில் அப்படியே விட்டுவிட்டேன்.

4. அந்தத் தாள் கைக்கு வந்த அன்று சாப்பிடும்போது சம்பந்தியம்மா, “சம்பந்தி, வலுவூட்டல்னா சத்துக் குடுக்கறதுதானே?” என்று கேட்டார். செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “ஆமாமா, அதேதான்” என்றேன். புரியாததைக் கேளுங்கள் என்று முப்பத்தொரு ஆண்டுகள் பிள்ளைகளிடம் சொன்னவன் நான். கேட்டவருக்குக் காது கொடுக்கவில்லை.

5. சென்ற மாதம் ஒரு காலை, கூடத்தின் பலகையில் ‘பதினான்காம் எண் எலிக்கு இன்று முதல் வலுவூட்டல் இல்லை’ என்று எழுதியிருந்தது. அழுத்தினாலும் மருந்துத் துளி விழாது, எத்தனை நாளில் எலி அழுத்துவதை விடுகிறது என்று பார்ப்பார்கள் என்பது அதன் பொருள். அவரோ அதற்குச் சத்துணவை நிறுத்திவிட்டார்கள் என்று புரிந்துகொண்டார். அந்த எலியும் வெறும் கிண்ணத்தின் முன்னால் ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்ததாம். பசியில் தவிக்கிறது என்று எண்ணி, மறுநாள் முதல் வீட்டிலிருந்து வேகவைத்த முட்டையில் சிறு துண்டு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். நான்காம் நாள் எலி நெம்புகோலை விட்டுவிட்டு, இவர் காலடி ஓசை கேட்டால் கூண்டுக் கதவருகே வந்து நின்றிருக்கிறது.

6. அவர் எதையும் மறைக்கவில்லை என்பதற்குத் தங்கள் பதிவேடே சான்று. குறிப்பு என்ற கட்டத்தில், முட்டை கொடுத்த ஆறு நாளும் தம் கையால், ‘14க்கு வலுவூட்டல் – முட்டை, சிறு துண்டு’ என்று எழுதியிருக்கிறார். கெடுக்க நினைப்பவர் கையெழுத்துப் போட்டா கெடுப்பார்? ஆறு நாளும் அந்தக் கட்டத்தை யாரும் படிக்கவில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த உரிமை இல்லை.

7. பதினான்காம் எண்ணை ஆய்விலிருந்து விலக்கிவிட்டதாக அவருடன் பணிபுரிபவர் வீட்டுக்கு வந்து சொன்னார். சம்பந்தியம்மா, “அதுக்கும் வேல போயிடுச்சா?” என்று கேட்டார். என் மகள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

8. ஆகவே, அவரை மீண்டும் அதே கூடத்தில் பணியமர்த்துமாறு பணிவுடன் வேண்டுகிறேன். குறிப்புத் தாளை ஒவ்வொரு சொல்லாக அவரிடம் படித்துக் காட்டி, அவர் புரிந்தது என்று சொன்ன பிறகே திருத்தி எழுதித் தருவேன். ஆய்வில் இல்லாத அந்த எலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

இப்போதும் அவர் விடிந்ததும் பழக்கத்தில் ஒரு முட்டையை வேகவைத்துவிடுகிறார். பிறகு நினைவு வந்து, உரித்து என் தட்டில் வைத்துவிட்டுப் போகிறார். எனக்கு அது இறங்கவில்லை, ஐயா. அந்த முட்டை உரிய இடத்துக்கே போக ஆணையிடுங்கள்.

இடம்: வீடு
நாள்: பன்னிரண்டாம் தேதி, திங்கள்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஓய்வுபெற்ற ஆசிரியர்

இணைப்பு: நான் எழுதிய குறிப்புத் தாள், பிழை சிவப்பு மையால் வட்டமிடப்பட்டது.