தொங்கிக்கிட்டு இருந்த கம்பிக்கட்டு

செவ்வாய், ராத்திரி. பூன் லே டார்மிட்டரி, தொழிலாளர் விடுதி.

மத்தியானம் கிரேன் கேபின்ல இருக்கும்போது வலது விலாவுக்குக் கீழே திருகிப் பிழியுற மாதிரி ஒரு வலி. கொக்கியில கம்பிக்கட்டு தொங்குது. அதைப் பிடிச்சு இறக்க என் ரூம்மேட் செல்வம் கீழே கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான். எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. லிவரை விட்டுட்டேன். நல்லவேளை, விட்டா கிரேன் தானா நின்னுடும். "என்னண்ணே, ஏன் நிறுத்திட்டீங்க?"ன்னு வாக்கிடாக்கியில கேட்டான். வலி கொஞ்சம் விட்டதும் கட்டை மெதுவா இறக்கி வச்சிட்டு, ஏணியைப் பிடிச்சுக் கீழே வந்தேன்.

சாயங்காலம் ஸ்கேன் எடுத்தாங்க. சிறுநீரகக் கல்லு, சிறுநீர்க் குழாய்ல இறங்கி அடைச்சிருக்காம். "தண்ணியே குடிக்கிறதில்லையா?"ன்னு டாக்டர் கேட்டார். எப்படிக் குடிக்கிறது? ஒண்ணுக்கு வந்தா அவ்வளவு ஏணியும் இறங்கி ஏறணும். காலையில ஏறினா நாக்கை நனைக்கிறதோட சரி. கிரேன்காரங்க எல்லாரும் அப்படித்தான்.

மாத்திரை கொடுத்தார். நிறைய தண்ணி குடிச்சு, ஒண்ணுக்குப் போறப்பல்லாம் கல்லு வந்திருக்கான்னு வடிகட்டிப் பாக்கணும். கல்லு தானா வரலேன்னா லேசர் வச்சு உடைக்கணுமாம். மறுபடி வலி எப்ப வரும்னு கேட்டேன். சொல்ல முடியாதுன்னுட்டார்.

எம்சி, அதான் டாக்டர் எழுதிக் கொடுக்கிற லீவு, ரெண்டு நாளைக்குத்தான். கல்லு வர்ற வரைக்கும் ஏற மாட்டேன்னு சொன்னா, சூப்பர்வைசர் வேற ஆளைப் போட்டுடுவார். சொல்லாம ஏறி, செல்வம் கீழே நிக்கும்போது மறுபடி வலி வந்தா...

டீ வடிகட்டியும் தண்ணி பாட்டிலும் செல்வம்தான் வாங்கிட்டு வந்தான். "குடிச்சிட்டே இருங்கண்ணே"ன்னு சொல்லிட்டுத் தூங்கிட்டான். அடுக்குக் கட்டில்ல அவன் கீழே, நான் அவனுக்கு நேர் மேலே. புரண்டு படுக்கக்கூட பயமா இருக்கு.