மாமாவின் பிளேன்டீக்கு உடைத்த கருப்பட்டி

அண்ணே,

இன்று பிலிமத்தலாவையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கித்துள் மரத்துக் கருப்பட்டி வாங்கினேன். கடைக்காரர் ஒரு துண்டை உடைத்து, ருசி பாருங்கள் என்று கையில் வைத்தார். தின்று வெகுநேரம் ஆகியும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பஸ்ஸில் ஏறி முகர்ந்து பார்த்தேன். புகை கலந்த அந்த இனிப்பு வாசனையில் நீ வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டாய். செத்து ஒரு வருஷமாகியும் உனக்குச் சனிக்கிழமை மறக்கவில்லை போலும்.

தர்ஷினிக்கு எட்டு வயதில் சீனி வருத்தம் வந்த புதிது, ஞாபகமிருக்கிறதா? தினமும் பலமுறை விரலில் குத்தி, மெஷின் காட்டும் எண்ணைக் கொப்பியில் எழுத வேண்டும். அதே சோறு, அதே இன்சுலின், அதே பிள்ளை. எண் மட்டும் ஒருநாள் மேலே, ஒருநாள் கீழே. சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்று கிளினிக் டாக்டர் சொன்னார். எனக்கு அது போதவில்லை. யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது.

அதிலும் சனிக்கிழமை காலை பத்து மணி எண் என்னை ஆட்டிவைத்தது. முந்நூறைத் தாண்டும். டாக்டர் தந்த அட்டவணையைப் பார்த்துக் கூடுதல் இன்சுலின் போடுவேன். மத்தியானத்துக்குள் பிள்ளை வேர்த்து, கை நடுங்கி, கேட்டதற்குப் பதில் சொல்லத் திணறுவாள். குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைப்பேன். இரண்டு சனிக்கிழமை அப்படி ஆனது. இரண்டாம் தடவை அவளை இழந்துவிடுவேன் என்றே பயந்தேன்.

பரீட்சையில் காப்பியடிக்கும் பிள்ளையை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடும் டீச்சர் அல்லவா நான்? வீட்டிலும் பிடித்துவிட்டதாக நினைத்தேன். நீ மடுல்கெல்லையிலிருந்து வரும் நாள் சனிக்கிழமை. வரும்போது கருப்பட்டியும் வரும். பிள்ளை களவாகத் தின்கிறாள், அவ்வளவுதான் விஷயம்.

மூன்றாம் சனிக்கிழமையும் எண் ஏறியது. "நான் ஒன்னுமே சாப்பிடலம்மா" என்று அழுதாள். பொய்யும் சொல்லப் பழகிவிட்டாயா என்று கேட்டுக்கொண்டே ஊசியை எடுத்தேன். நீ பிளேன்டீ கோப்பையைக் கீழே வைத்தாய்.

"இரு தங்கச்சி, ஊசிய வை. மொதல்ல என் விரல்ல குத்திப் பாரு."

உனக்குப் பைத்தியமா என்று கேட்டேன். நீ அதைக் கண்டுகொள்ளவில்லை. தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்த உனக்கு மழை அளந்து எழுதுவதும் வேலை. ஒருமுறை வெயில் காய்ந்த நாளில் மழைமானியில் தண்ணீர் நின்றதாம். பெரிய கிளாக்கர் இருப்பதை எழுது என்றாராம். நீ எழுதாமல் சுற்றிச் சுற்றி வந்து, பூச்செடிக்குக் குழாய் பிடிப்பவர் அதற்குள்ளும் தண்ணீர் அடிப்பதைக் கண்டுபிடித்தாய். "நம்பரப் பார்த்தா போதாது, அதுக்கு முந்தி என்ன நடந்துச்சுன்னு பார்க்கணும்" என்று அந்தக் கதையை நீ முடிக்கும்போதெல்லாம் நான் கொட்டாவி விட்டிருக்கிறேன்.

உன் விரலில் குத்தினேன். இருநூற்று எண்பது. உனக்குமா சீனி வருத்தம் என்று மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீயோ லாட்டரி விழுந்தவன் மாதிரி சிரித்தாய். பைப்படிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, அதே விரலை மறுபடி நீட்டினாய். தொண்ணூற்றெட்டு. பிறகு அவள் கையைக் கழுவிவிட்டுப் பார்த்தோம். நூற்று முப்பது.

நீ வந்ததும் உன் பிளேன்டீக்குக் கடித்துக்கொள்ளக் கருப்பட்டி உடைத்துத் தருவது அவள்தான். தான் தின்னக்கூடாததை மாமாவுக்கு எடுத்துக் கொடுப்பதில் அவளுக்கு ஒரு பெரிய மனுஷித்தனம். ஒரு துணுக்கைக்கூட அவள் வாயில் போடவில்லை. இனிப்பு விரலில் ஒட்டியிருந்தது, மெஷின் அதையும் சேர்த்துச் சொன்னது. அதை நம்பி, தேவையில்லாத இன்சுலினை என் கையாலேயே போட்டிருக்கிறேன்.

கொப்பியில் எண்ணுக்குப் பக்கத்தில் நீ ஒரு கோடு இழுத்தாய். மேலே 'காரணம்' என்று தலைப்பிட்டு, அன்றைய கட்டத்தில் 'மாமா' என்று எழுதினாய். இனிக் கருப்பட்டியே வேண்டாம் என்று நீ சொன்னபோது அவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. உடைப்பேன், கழுவிக்கொள்வேன் என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடவில்லை. மேட்டுப் பாதையில் நடந்தால் எண் இறங்கியது, காய்ச்சலில் ஏறியது. சில நாள் எதற்கென்றே தெரியாமல் ஏறும். அங்கே கேள்விக்குறி போடச் சொன்னாய். கேள்விக்குறிகள் நிறையவே இருக்கின்றன. இப்போது எனக்கு அவற்றின் மேல் கோபம் வருவதில்லை, என்னவாக இருக்கும் என்று பார்க்கத்தான் தோன்றுகிறது. "என்ன சாப்பிட்ட?" என்று அவளிடம் ஆரம்பிப்பதையும் விட்டுவிட்டேன்.

தர்ஷினிக்கு இப்போது பதினான்கு. கொப்பியை அவளே எழுதுகிறாள். பழைய கொப்பி ஒன்றை மட்டும் என் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். உன்னை எடுத்துக்கொண்டு போன நாள் அதில் இருக்கிறது. அன்று காலையிலிருந்து அவள் தண்ணீரைத் தவிர எதுவும் தொடவில்லை. எண் முந்நூற்றுப் பத்து. கையைக் கழுவிவிட்டு இரண்டாம் தடவை பார்த்தாள். அதே முந்நூற்றுப் பத்து. அவள் கேள்விக்குறி போடவில்லை. காரணக் கட்டத்தில், உன் கையெழுத்து மாதிரியே சாய்த்து, 'மாமா' என்று எழுதியிருக்கிறாள்.