திரையில் எழுதாத சொல்

செல்லாயி கண்ணு,

உன் படம் இனி இல்லை. யுத்த பயத்தில் பாதி காலியாகிக் கிடக்கும் சென்னையில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பேசும் படம் வந்ததுமே கம்பெனியை மூடிவிட்டார்களாம். ஊமைப்படச் சுருள்களையெல்லாம் வெள்ளி பிரிப்பவன் ஒருவன் வண்டியில் ஏற்றிப் போனானாம். பிலிமைக் கரைத்தால் வெள்ளி வருமாம். உன் முகம் இருந்தது அந்த ஒரு படத்தில்தான்.

மலைமேல் நம் குண்டூர் நாட்டில் படம் பிடிக்க வந்தவர்கள், பட்டணத்து நடிகை அட்டைக் கடிக்குப் பயந்து ஓடியதால் உன்னைப் பிடித்தார்கள். ஜமீன் காரியக்காரனிடம் நிலத்தை இழந்த குடியானவன் மகள் வேஷம். மிச்சக் காட்சிகளுக்குச் சென்னைக்கு வா என்றதும் கிளம்பினாய். நான் வேண்டாமென்றேன். கேட்டாயா? அப்பா உன்னை ஓடுகாலி என்றார். என் கோபம் அவருடையதைவிடக் கெட்டது. படித்தவன் கோபம், மறக்காது.

அடுத்த கோடையில் படம் சேந்தமங்கலம் டெண்டு கொட்டகைக்கு வந்தது. திரையில் வரும் எழுத்தைப் படித்துச் சொல்ல, அங்கே வாத்தியாராயிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். கடைசிக் காட்சியில் நீ எங்களை நேராகப் பார்த்து வாயசைத்தாய். ‘பகவானே, என்னைக் காப்பாற்றும்!’ என்று எழுத்து வந்தது. உரக்கப் படித்தேன்.

முன்னால் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஓர் அம்மாள் விடவில்லை. “ஏனுங்க வாத்தியாரே, அந்தப் புள்ள வாய் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு படிக்கறீங்க?”

“எழுத்துல இருக்கறதத்தானுங்க படிக்கறேன்.”

“எழுத்து கெடக்குது. ‘ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணா’ன்னுதானே அந்தக் கண்ணு கேக்குது!”

“அண்ணங்காரன் எங்க, கொட்டாயிலயா குந்தியிருக்கறான்?” என்றான் பின்னாலிருந்து ஒருவன். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த அம்மாளுக்கு முன்பே உன் உதட்டைப் படித்துவிட்டேன், செல்லாயி. நடிப்பு என்று சொல்லிக்கொண்டேன். நடிப்பில்லையென்றால் இன்னும் கொஞ்சம் படட்டும் என்றும் நினைத்தேன். அந்த மழைக்காலத்திலேயே சென்னையில் காய்ச்சலில் போய்விட்டாய்.

இன்னொரு தரம் பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் படத்தைத் தேடினேன். என்னைத்தான் கேட்டாயா? யாரிடம் போய்க் கேட்பேன்? அந்த அம்மாளையும் தேடிப் போனேன். “நெனப்பில்லீங்களே சாமி” என்றாள்.

இனி சாட்சி நான் ஒருவன்தான். அப்பா இன்னும் உன்னை ஓடுகாலி என்றே சொல்கிறார். நாளைக்கு மலையேறுகிறேன். போனவள் திரும்பி வரக் கேட்டாள், கூட்டி வராதவன் நான் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வேன். நம்பாவிட்டால் மறுநாளும் சொல்வேன். இது சத்தியம்.

கூப்பிட்டும் வராத
உன் அண்ணன்