துரை காரின் சூட்டுப் பெட்டி

8 அக்டோபர் 1938, சனி. சாஆ தோட்டம்.

லாபிஸில் ரயிலேறும்போது துரை சொல்லிவிட்டுப் போனார்: "சபாபதி, புதன் நான் வரும். வியாழன் கேமரன் மலை. பாப்பாவுக்குச் சளி. ஹீட்டர் பார்."

சீமையிலிருந்து வந்த கார். முன்சீட்டுக் கால்மாட்டில் ஒரு பெட்டி. இஞ்சின் வெந்நீர் அதற்குள் ஓடும், விசிறியைப் போட்டால் சூடு வரும். இந்த ஊர் வெயிலுக்கு அது ஒன்றுதான் குறைச்சல்! போன மாதம் சும்மா போட்டுப் பார்த்தபோது நன்றாகச் சுட்டது. இன்று வெறும் காற்று.

எனக்கு முன்னிருந்த டிரைவர் ஐயாசாமி காரைக் கெடுத்தான் என்று ஒரே நாளில் சீட்டைக் கிழித்தார்கள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். மூன்று பிள்ளைகளோடு எங்கே போவேன்?

9, ஞாயிறு.

காரை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தேன். தண்ணீரை இறக்கி, இரண்டு ரப்பர் குழாய்களையும் உருவி, நட்டுகளைக் கழற்றினேன். கடைசி நட்டு துரு — மண்ணெண்ணெய் விட்டு அரைமணி காத்திருந்தேன். பெட்டியைக் கவிழ்த்தால் கொழகொழவென்று மஞ்சளாக விழுகிறது. சோறு! வெந்த சோறு!

"ஆயுத பூசையன்னிக்கு அட்சதை போட்டேங்க," என்றாள் என் பெண்சாதி செல்லம். "எல்லாரும் மேலதான் தூவினாங்க. தண்ணி குடிக்கிற வாய் அதுதானே, உள்ள போனா நல்லதுன்னு மூடியத் திறந்து ஒரு கை..."

கத்திவிட்டேன். "புத்தி இருக்கா ஒனக்கு? குடும்பத்தையே ரோட்டுக்குக் கொண்டாந்துட்டியே!" லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

10, திங்கள்.

செல்லம் பேசவில்லை. சாப்பிடவுமில்லை. சைக்கிள் பம்பால் ஊதியும் பாதிச் சோறு உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

11, செவ்வாய்.

கேட்காமலே அண்டா நிறைய வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். அவள் ஊற்ற, நான் ஊத — எத்தனை தடவையோ. கடைசியில் தெளிந்த தண்ணீர் வந்தது. ரேடியேட்டரையும் அலசினோம்.

மதியம் பெட்டியைத் திரும்பப் பொருத்தி இஞ்சினை ஓடவிட்டேன். சூடு இல்லை. பிறகுதான் உறைத்தது, குழாயில் காற்று நிற்கிறது என்று. மேல்குழாயைச் சற்றே தளர்த்தினேன். புஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் வந்தது. இறுக்கி, விசிறியைப் போட்டேன். செல்லம் கையை நீட்டிப் பார்த்து, "சுடுதுங்க," என்றாள். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

அப்பாடா! ஆனாலும் மலையில் சுடவேண்டுமே?

14, வெள்ளி. கேமரன் மலை.

பல் கிட்டுகிற குளிர். மலைப்பாதை நெடுகச் சூடு வந்தது. பாப்பா துரைசானி மடியில் தூங்கிவிட்டது. "நல்ல வேலை. டிசம்பரும் நீதான் ஓட்டும்," என்றார் துரை. போன உயிர் திரும்பி வந்தது.

செல்லத்துக்குக் கார்டு போட்டேன். அவளுக்கு எழுத்து தெரியாது. கணக்கெழுதும் கிராணி சின்னத்தம்பிதான் தோட்டத்து ஆபீஸ் வாசலில், எல்லார் முன்னாலும், உரக்கப் படித்துக் காட்டுவார். தெரிந்தேதான் எழுதினேன்: "சூடு வந்தது. வேலை நிலைத்தது. உன்னைத் திட்டியது என் தப்பு."